எஸ்.எஸ்.எல்.சி. காலத்து உயர்நிலைப் பள்ளி: பாடங்களும் கலை வகுப்புகளும்

வாப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய காகிதங்களைப் புரட்டும்போது, கெட்டி அட்டை போட்ட ஒரு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கிடைக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அது ஒரு புதிராகவே இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழ் எப்படிப் புத்தகமாக இருக்கும் என்று கேட்கிறார்கள். உள்ளே பிறந்த தேதி, அங்க அடையாளம், பயிற்று மொழி, முதல் மொழி, மதிப்பெண்கள், தலைமையாசிரியரின் கையெழுத்து எல்லாம் இருக்கும். "முதல் மொழி: அரபி" என்று சில புத்தகங்களில் இருக்கும். அதோடு செருகி வைத்த டிராயிங் லோயர் சான்றிதழும் சில வீடுகளில் கிடைக்கும்.

இவையெல்லாம் என்ன? அன்றைய உயர்நிலைப் பள்ளியில் என்னென்ன துறைகள் இருந்தன? நம் குடும்பங்கள் அவற்றில் எதை எடுத்தன, எதை விட்டன? தமிழ்நாட்டுப் பள்ளிகளை மட்டும் வைத்து, ஏறக்குறைய சுதந்திரக் காலத்திலிருந்து பிளஸ் டூ வந்த காலம் வரை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஃபாரமும் வகுப்பும்

ஐந்தாம் வகுப்போடு ஆரம்பப் பள்ளி முடிந்தது. அதற்கு மேல் 'ஃபாரம்' என்று எண்ணினார்கள். ஆறாம் வகுப்பு முதல் ஃபாரம். பதினோராம் வகுப்பு ஆறாம் ஃபாரம். நான்கு, ஐந்து, ஆறாம் ஃபாரங்கள்தாம் உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகள். அதன் இறுதியில் எஸ்.எஸ்.எல்.சி. ஆகவே பெரியவர்கள் சொல்லும் எஸ்.எஸ்.எல்.சி. பதினோரு வருடப் படிப்பு. இன்றைய பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. வேறு. விண்ணப்பங்களை நிரப்பும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு.

எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு கல்லூரியில் இரண்டு வருட இண்டர்மீடியட் இருந்தது. 1950-களில் அது போய், ஒரு வருட பி.யு.சி. வந்தது. ராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் இந்தப் பழைய வழியில் போனவர்தான். ராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்து, 1950-ல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இண்டர்மீடியட் சேர்ந்தார். ராமேசுவரத்துப் பையன் உயர்நிலைப் படிப்புக்கு ராமநாதபுரம் போய்த் தங்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே கவனிக்கலாம். எல்லா ஊரிலும் உயர்நிலைப் பள்ளி இல்லை. ஊரில் இருந்த உயர்தர ஆரம்பப் பள்ளியில் எட்டாவது முடித்து, ஈ.எஸ்.எல்.சி. என்ற தேர்வு எழுதி நின்றவர்கள் ஏராளம். பெண் பிள்ளைகளில் அதுவரை வந்தவர்களே குறைவு. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் பள்ளிகள் பெருகின, மதிய உணவு வந்தது, பள்ளிச் சம்பளமும் படிப்படியாக நீங்கியது. வீட்டில் இரண்டாவது மூன்றாவது பிள்ளையும் ஃபாரம் ஏறியது அதன் பிறகுதான்.

பாடங்களின் பெயர்களே வேறு

பழைய புத்தகத்தில் இயற்பியல் என்று இருக்காது, பௌதிகம் என்றிருக்கும். வேதியியல் என்பது ரசாயனம். வரலாறு சரித்திரம், புவியியல் பூகோளம், உடற்கல்வி தேகப்பயிற்சி. 1938-லிருந்தே உயர்நிலைப் பள்ளிகளில் பாடங்களைத் தாய்மொழியில் நடத்துவது பரவத் தொடங்கியது. ஆனால் கலைச்சொற்கள் ஊன்றி நிற்கப் பல ஆண்டுகள் ஆயின. அறிவியல் தமிழுக்காக வாழ்நாளைச் செலவிட்டவர்களில் நம் மணவை முஸ்தபாவும் ஒருவர். யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்புக்கு ஆசிரியராக இருந்தார். கலைச்சொல் அகராதிகளைத் தொகுத்தார்.

கணக்கு வகுப்பு இன்று நினைத்தாலே தலை சுற்றும். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வரும் வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பைசா. வட்டிக் கணக்கு, லாப நட்டக் கணக்கு எல்லாமே அதில்தான். கடை வைத்திருந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வாயிலேயே வந்தது. கஷ்டப்படுத்தியது அல்ஜீப்ராவும் ஜியோமிதியும்தான். பிற்காலத்தில் கணக்கு இரண்டாகப் பிரிந்தது: ஜெனரல் மேக்ஸ், காம்போசிட் மேக்ஸ். காம்போசிட் கடினம், ஆனால் கல்லூரியில் கணிதம், அறிவியல் பக்கம் போக அதுதான் உதவியது. ஜெனரல் எடுத்தவர் தேறிவிடுவார், மேலே போகும் வழி குறுகும். பதினான்கு வயதுப் பையன் எடுத்த முடிவு அது. படிக்காத தாய் தந்தைக்கு இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. எதிர்வீட்டு மாமாவின் மகன் என்ன எடுத்தானோ அதையே நம் பையனும் எடுத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 'பைஃபர்கேட்டட் கோர்ஸ்' என்று தொழில் சார்ந்த பிரிவுகளும் மேல் ஃபாரங்களில் வந்தன. பொறியியல், விவசாயம், நெசவுத் தொழில்நுட்பம், செக்ரட்டேரியல், ஓவியம் என்று பள்ளிக்குப் பள்ளி ஒன்றிரண்டு பிரிவுகள் இருக்கும். செக்ரட்டேரியலில் டைப்ரைட்டிங், கணக்குப் பதிவு. அதைப் படித்தவர்கள் சென்னைக்கும் பம்பாய்க்கும் சிங்கப்பூருக்கும் குமாஸ்தா வேலைக்குப் போனார்கள். சபர் போகிறவனுக்கு எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் லோயரும் இருந்தால் போதும் என்பது அந்நாளைய ஊர்ப்பேச்சு.

முதல் மொழி என்ற கேள்வி

நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை மிக முக்கியமான துறை மொழித்துறைதான். பின்னாளில் அதிகம் பேசப்பட்டதும் அதுவே. பகுதி ஒன்றில் தமிழ், உருது, அரபி, தெலுங்கு, சமஸ்கிருதம் என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் உருது. கடற்கரை ஊர்களிலும் தென்மாவட்டங்களிலும் வீட்டு மொழி தமிழ்தான், ஆனாலும் அரபி சொல்லித்தர ஆள் இருந்த பள்ளியில் சிலர் அரபி எடுத்தார்கள்.

அரபி, உருது ஆசிரியர்களுக்கு அரசுப் பதிவேட்டில் 'முன்ஷி' என்று பெயர். பிள்ளைகள் ஹஜ்ரத் என்பார்கள். தமிழாசிரியர் வித்துவான் பட்டம் பெற்றவராக இருப்பதுபோல், அரபி ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா தேர்வு எழுதியவராக இருப்பார். உருதுக்கு அதீபே ஃபாஸில், பாரசீகத்துக்கு முன்ஷியே ஃபாஸில். மதரஸாவில் ஓதிய ஓர் ஆலிம் அரசுச் சம்பளத்தில் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைய இந்தப் பட்டம் ஒரு வாசலாக இருந்தது. இந்த விஷயம் நம்மில் பலருக்கே தெரியாது.

அரபி எடுத்தால் மதிப்பெண் வரும் என்று எடுத்தவர்களும் உண்டு, மார்க்கக் கல்விக்கு உதவும் என்று எடுத்தவர்களும் உண்டு. இரண்டாவது காரணத்தை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் மூன்று வருட அரபி வகுப்பில் குர்ஆனைப் பொருளோடு ஓதும் அளவுக்கு வந்தவர் சிலரே; மற்றவர்களுக்கு அது ஒரு தேர்வுத் தாளாகவே முடிந்தது. அதற்காக அவர்கள் விட்டது தமிழ் வகுப்பை. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்கள் கொண்டது; அதிலிருந்து ஒரு பகுதியாவது பள்ளித் தமிழ்ப் பாடநூலில் இடம்பெறுவது வழக்கம். குணங்குடி மஸ்தான் சாகிபும் வருவார். நம் இலக்கியத்தை மற்ற வீட்டுப் பிள்ளைகள் தமிழ் ஐயாவிடம் பொருள் கேட்டுப் படித்தபோது, நம் பையன் பக்கத்து அறையில் வேறு பாடத்தில் இருந்தான். இது எங்கள் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருக்கலாம்.

தமிழ்த்துறையில் ஊன்றி நின்றவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, 'ஆலாபனை'க்காக 1999-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். கீழக்கரையில் பிறந்த சாகுல் ஹமீது இன்குலாப் என்ற பெயரில் கவிஞரானார். சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் நடத்தினார்.

இந்தி வகுப்பும் ஒரு காலத்தில் இருந்தது. 1968 ஜனவரியில் சட்டமன்றத் தீர்மானத்தோடு இருமொழிக் கொள்கை வந்தபின் அரசுப் பள்ளிகளின் கால அட்டவணையிலிருந்து அது போனது. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பகுதி ஒன்றில் தமிழைக் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பை அடைந்தது. உருது வழிப் பள்ளிகள் அதற்காக நீதிமன்றம் வரை போனது தனிக்கதை.

டிராயிங் மாஸ்டர் அறை

இப்போது கலைத்துறைக்கு வருவோம். இதைத்தான் நாம் அதிகம் மறந்துவிட்டோம்.

அன்றைய உயர்நிலைப் பள்ளியில் டிராயிங்குக்குத் தனி அறை, சாய்வுப் பலகை, மாடலாக வைக்க மரத்தில் செய்த கூம்பு, உருளை, கனசதுரம் எல்லாம் இருக்கும். இருக்காத பள்ளிகளிலும் ஒரு டிராயிங் மாஸ்டர் இருப்பார். வாரத்தில் ஓரிரு பீரியட். அந்த மதிப்பெண்ணால் யாரும் ஃபெயிலாவதில்லை. அதனால் பெரும்பாலானவர்களுக்கு அது ஓய்வு பீரியட். ஆனால் கை வந்த பிள்ளையை மாஸ்டர் கண்டுபிடித்து, அரசு தொழில்நுட்பத் தேர்வுக்கு அனுப்புவார். ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங், டிசைன் என்று தாள்கள். முதலில் லோயர், பிறகு ஹையர். இரண்டும் முடித்து டி.டி.சி. என்ற ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியும் பெற்றால் டிராயிங் மாஸ்டர் ஆகலாம். கல்லூரி வாசலை மிதிக்காமல் அரசு வேலைக்குப் போன ஒரு வழி அது. தையல், இசை, நெசவு போன்றவற்றுக்கும் இதே லோயர், ஹையர் வரிசை உண்டு.

நம் வீடுகளில் டிராயிங்கைப் பற்றி ஒரு தயக்கம் இருந்தது. உருவப்படம் வரையலாமா என்ற கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் விவரம் தெரிந்திருந்தால் அது தடையாக இருந்திருக்காது. தேர்வில் பெரும்பகுதி இலை, கொடி, பானை, ஜியோமிதி வடிவங்கள், கரை டிசைன். பள்ளிவாசல் வளைவிலும் மிம்பரின் செதுக்கலிலும் நாம் காலங்காலமாகப் பார்த்துவரும் அதே கொடிக்கருக்குகள். நம் ஊர்களில் டிசைன் தெரிந்த கைக்குத் தேவையும் இருந்தது. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வீட்டுக்கு வீடு தறி ஓடிய காலம் அது. பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையைப் பட்டுப்போல் மெல்லியதாகப் பிளந்து பாய் நெய்தவர்கள் நம் பெண்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிட்டு அனுப்பினோம். அதைச் செருப்பாகவும் பையாகவும் வடிவமைக்கும் வேலை வெகுகாலம் பிறரிடம் இருந்தது. தறி வைத்திருந்த வீட்டுப் பையன் பள்ளியில் டிசைன் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பியும், "படம் போட்டா சோறு கிடைக்குமா?" என்று பையனைத் திருப்பிய வீடுகள் எத்தனையோ.

கிராஃப்ட் வகுப்பு காந்தியடிகளின் ஆதாரக் கல்வியின் தாக்கத்தால் பரவியது. தக்ளியில் நூல் நூற்பது, புத்தகக் கட்டு, தச்சு, தோட்டம். பஞ்சு எடுத்துவர மறந்தவன் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு கொஞ்சம் வேடிக்கை. மாஸ்டரை விட அவர்களுக்கு நூல் நன்றாகத் தெரியும்.

பாட்டு வகுப்பு பெரும்பாலும் பெண்கள் பள்ளியில்தான் இருந்தது. நம் பிள்ளைகள் அதில் சேர்ந்தது அரிது. ஆனாலும் இசை நமக்கு அந்நியம் அல்ல என்பதை நாகூர் சொல்லும். நாகூர் தர்கா வித்துவான் எஸ்.எம்.ஏ. காதர் கர்நாடக இசை கற்றுத் தேர்ந்தவர். நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரலைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகள்

அவர்களுக்கென்று பள்ளியில் இருந்த ஒரே 'துறை' தையல். தையல் டீச்சரிடம் ஹெம்மிங், காஜா, எம்பிராய்டரி கற்று, பெரியபிள்ளையானதும் நின்றுவிடுவார்கள். நம் உம்மாமார், கண்ணும்மாமார் படிக்காதவர்கள் என்று பதிவேடு சொல்லும். உண்மையில் அவர்களில் பலர் குர்ஆன் ஓதியவர்கள், அரபுத்தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். கொழும்பிலும் பினாங்கிலும் இருந்த கணவருக்கு அந்த எழுத்தில் கடிதம் எழுதியவர்கள். பள்ளியின் எந்தத் துறையிலும் அந்த எழுத்துக்கு இடம் இருந்ததில்லை. தையலில் லோயர், ஹையர் முடித்துத் தையல் டீச்சரான ஒருசிலர்தாம் நம் தெருக்களின் முதல் அரசுச் சம்பளக்காரப் பெண்கள். அவர்களைப் பார்த்தே அடுத்த தலைமுறைப் பெண்கள் பள்ளியில் தொடர்ந்தார்கள்.

1978-க்குப் பிறகு

1978-ல் பத்தாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி., அதன்மேல் இரண்டு வருட மேல்நிலை என்று மாறியது. முதல் பிளஸ் டூ தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. பி.யு.சி. மறைந்தது. அதுவரை 'துறை' என்று பேசியவர்கள் 'குரூப்' என்று பேசத் தொடங்கினார்கள். ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்தவன் கெட்டிக்காரன். வரலாறு, பொருளாதாரம், வணிகவியல் எடுத்தவன் இரண்டாந்தரம். தொழிற்பிரிவு எடுத்தவனைப் பற்றி வீட்டார் பேசுவதே இல்லை. பழைய பைஃபர்கேட்டட் கோர்ஸின் வாரிசான இந்தத் தொழிற்பிரிவில் கணக்குத் தணிக்கை, ஜெனரல் மெஷினிஸ்ட், நர்சிங், ஆடை தயாரிப்பு என்று பிழைப்புக்கு நேரடியாக உதவும் படிப்புகள் இருந்தன.

1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்ததும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் தவிர மற்றதெல்லாம் பள்ளியில் ஒதுங்கின. அந்தத் தேர்வு 2007-ல் நீங்கியது. ஒதுங்கிய பாடங்கள் திரும்பவில்லை. டிராயிங் அறை பல பள்ளிகளில் ஸ்டோர் ரூம் ஆனது. மாஸ்டர் ஓய்வுபெற்ற இடம் காலியாகவே கிடந்தது. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தபோது அவர்களுக்கு வைத்த தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். ஒரு காலத்தில் அரசுப் பணியாக மதிக்கப்பட்ட இடத்தின் நிலை இது.

இன்றைக்கு எது உதவும்?

பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிறந்த தேதிக்கு அதுவே பெரியவர்களின் உறுதியான ஆவணம். பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவையில்லை என்ற இ.சி.என்.ஆர். நிலைக்கு இன்று பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதால், வளைகுடா போகிறவருக்கு அந்தச் சான்று காசு போன்றது.

பயிற்று மொழி என்ற வரியையும் பாருங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை என்ற சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் செய்த திருத்தத்தின்படி, அந்தப் பணிக்கு வேண்டிய கல்வித்தகுதி வரை பள்ளிப்படிப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஓரிரு வருடம் ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதை இனி யோசித்துச் செய்ய வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ் தகுதித்தாள் கட்டாயமாகியிருப்பதையும் பள்ளியில் தமிழை ஓரங்கட்டும் வீடுகள் கவனிக்கவும்.

டிராயிங், தையல், இசை லோயர், ஹையர் தேர்வுகள் நின்றுவிடவில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் தொழில்நுட்பத் தேர்வுகளை இன்றும் நடத்துகிறது. விண்ணப்ப அறிவிப்பு செய்தித்தாளில் சிறியதாகத்தான் வரும். வீட்டில் கை வந்த பிள்ளை இருந்தால், மகனோ மகளோ, அந்த அறிவிப்பு வரும்போது பள்ளியில் போய் விசாரியுங்கள்.